மூணாவது வருஷமும் எம்பிபிஎஸ் பின்னாடியே ஓட வேணாம்ணே

அண்ணே, நேத்து பாப்பாவோட வந்தப்போ ஆறுதலா நாலு வார்த்தை சொல்லி அனுப்பிட்டேன், ராத்திரி யோசிச்சா மனசு கேக்கல, அதான் எழுதுறேன். ரெண்டு தடவை நீட் எழுதியும் ரேங்க் வரல, இப்ப சித்தப்பா சொல்றாருன்னு வீட்டை அடமானம் வெச்சு நிகர்நிலை காலேஜ்ல சேக்குறேங்கிறீங்க. பல இடத்துல மொத்தச் செலவு கோடியைத் தாண்டுது. வட்டி கட்டப்போறது சித்தப்பா இல்ல, நீங்க.

நீங்க போன் பேச வெளிய போனப்ப பாப்பா ஒண்ணு கேட்டா. அப்பத்தாவுக்கு மூணு வாரத்துக்கு ஒருக்கா இம்யூனோதெரபி மருந்து, அதான் நம்ம உடம்போட எதிர்ப்புசக்தியையே கேன்சர் மேல ஏவிவிடுற மருந்து, அதை ஏத்துனப்போ வயித்தால போயி தைராய்டும் கெட்டுச்சுல்ல, "கட்டி இருக்குற எடத்துலயே மருந்தை வெச்சுட முடியாதா"ன்னு கேட்டா. பெரிய பெரிய லேப்ல இந்தக் கேள்வியைத்தான்ணே கட்டிக்கிட்டு அழுவுறாங்க. நோயை எதிர்த்து நிக்கிற டி செல்லுன்னு ரத்தத்துல வெள்ளை அணு ஒண்ணு இருக்கு, அதுக்கு ஒரு பிரேக் இருக்கு, அதை எடுத்துவிட்டா கேன்சரை அடிக்கும், இந்த வழியைக் காட்டுனதுக்குத்தான் ஆலிசன், ஹோன்ஜோன்னு ரெண்டு விஞ்ஞானிங்களுக்கும் 2018ல நோபல். ஆனா ரத்தத்துல ஏத்துனா உடம்பு பூரா பிரேக் விட்டுப்போயி குடலையும் தைராய்டையும்கூட அது தாக்கிடுது.

அங்கதான் ஜெல் வருது. ஊறப்போட்ட பாதாம் பிசின் தண்ணியைக் குடிச்சு உப்பி நிக்குதுல்ல, அந்த மாதிரி ஒரு வலைக்குள்ள மருந்தை அடைச்சு கட்டிகிட்டயே ஊசியில போட்டா நாள்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கசியும். போலாக்சமர்னு ஒரு பாலிமர், அதைக் கரைச்சு ஃபிரிட்ஜ்ல வெச்சா தண்ணியா ஓடும், கையில பொத்தி வெச்சா கெட்டியாயிடும். கடல்பாசியில எடுக்குற ஆல்ஜினேட், இறால் ஓட்டுல எடுக்குற கைட்டோசான் எல்லாமும் இதுக்கு ஆகும். கீமோ மருந்து வெச்ச ஜெல் ஒண்ணுக்கு 2020ல அமெரிக்காவுல அனுமதியே குடுத்துட்டாங்க. இம்யூனோதெரபி ஜெல் பெரும்பாலும் எலியிலயும் ஆரம்பகட்ட சோதனையிலயும்தான் நிக்குது, அதனாலதான் பாப்பா மாதிரி ஆளுங்க வேணும்.

இதுக்குப் படிப்பு பி.ஃபார்ம், மருந்து பத்தின பட்டப்படிப்பு, நாலு வருஷம், தமிழ்நாட்டுல ப்ளஸ் டூ மார்க்லயே சீட்டு. அப்புறம் ஜிபேட்ங்கிற நுழைவுத்தேர்வு எழுதி மேல்படிப்பு எம்.ஃபார்ம், அதுல ஃபார்மசூட்டிக்ஸ் பிரிவைத்தான் எடுக்கணும், மருந்தை எப்படி உடம்புக்குள்ள கொண்டுபோயி விடுறதுங்கிறதுதான் அங்க பாடமே. மொஹாலி, ஹைதராபாத்ல இருக்குற நைப்பர்ங்கிற மத்திய அரசு மருந்து ஆராய்ச்சி காலேஜ்ல கிடைச்சா ரொம்ப நல்லது. ஜிபேட் பாஸ் பண்ணா மாசம் 12,400 ரூபா உதவித்தொகையும் உண்டு. மெடிக்கல் ஷாப் வைக்கிற படிப்புன்னு சொந்தக்காரங்க சொல்லுவாங்க, சொல்லட்டும். வெறும் பி.ஃபார்மோட நிறுத்துனா சம்பளம் கம்மிதான், அதை நான் மறைக்கல, மேல படிக்கிறதா இருந்தா மட்டும் இந்தப் பக்கம் வாங்க.

திங்கக்கிழமை அட்வான்ஸ் கட்டுறதா சொன்னீங்க, கட்டாதீங்க. அன்னைக்கு பாப்பாவை மட்டும் என்கிட்ட அனுப்புங்க, ஒரு ஃபார்மசி காலேஜ் லேபுக்குக் கூட்டிட்டுப் போயி அந்த ஜெல்லை அவ கையில குடுக்கச் சொல்றேன்.