வாசகர் கேள்வி – பதில்: சைகை மொழியும் மூளையும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். சைகை மொழியை மூளை எப்படிக் கையாள்கிறது என்று ஆராய்வதையே வேலையாக்கிக்கொள்ள ஆசை. எதில் சேர வேண்டும்? – மாணவி, பாலக்கோடு

பதில்: இதற்கென்று தனிப் பட்டப்படிப்பு கிடையாது. வெவ்வேறு வாசல்கள் வழியாக வந்தவர்கள்தான் இந்தத் துறையில் இருக்கிறார்கள். அறிவியல் பாடப்பிரிவு என்றால் பி.ஏ.எஸ்.எல்.பி. (செவித்திறன், பேச்சு, மொழிக் கோளாறுகள் பற்றிய பட்டப்படிப்பு) படிக்கலாம். மூன்றாண்டு வகுப்பு, ஓராண்டு பயிற்சி. மைசூரு அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் உங்கள் ஊரிலிருந்து ஒரு நாள் பயணம்தான். அதற்கு நுழைவுத்தேர்வு உண்டு. ஆனால் அந்தப் படிப்பின் கனம் பேச்சின் பக்கமே சாயும். கலைப்பிரிவு என்றால் மொழியியல் இருக்கிறது. அண்ணாமலை, பாரதியார் பல்கலைக்கழகங்களில் அதற்குத் துறைகள் உள்ளன. உளவியல் படித்துவிட்டு ஹைதராபாத், அலகாபாத் பல்கலைக்கழகங்களிலோ காந்திநகர் ஐ.ஐ.டி.யிலோ அறிவாற்றல் அறிவியல் (மனமும் மூளையும் சிந்திப்பது, கற்பது பற்றிய படிப்பு) பக்கம் போகிறவர்களும் உண்டு.

எந்த வாசல் என்பதைவிட முக்கியமானது, முதலில் மொழி வர வேண்டும். 2015-இல் டெல்லியில் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதியில் 10,000 சொற்கள் வீடியோவாக இருக்கின்றன. அது மட்டும் போதாது. அகராதி பார்த்துக் கற்றவரின் சைகை, டிக்‌ஷனரியை மனப்பாடம் செய்தவர் பேசும் இங்கிலீஷ் மாதிரிதான் இருக்கும். காது கேளாதோர் சங்கக் கூட்டங்களுக்கு வாராவாரம் போய் உட்காருங்கள். இல்லாவிட்டால் ஆய்வே கோணலாகிவிடும். எதிரில் இருப்பவருக்குச் சைகை சரியாக வராது என்று தெரிந்தால், காது கேளாதவர் மரியாதைக்காகத் தன் மொழியை எளிதாக்கி, தமிழ்ச் சொல் வரிசைக்கு மாற்றிக் காட்டுவார். நீங்கள் அதைப் பதிவு செய்துவிட்டு ‘இதுதான் சைகை இலக்கணம்’ என்று எழுதுவீர்கள்.

இப்போதே செய்து பார்க்க ஒரு வேலை: ‘ஈலான்’ என்ற மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் உருவாக்கியது. சைகை செய்பவர் ஒருவரிடம் சம்மதம் வாங்கி ஒரு நிமிடம் படமெடுங்கள். வெறும் சுவர், தோல் நிறத்தோடு கலக்காத, கோடு போடாத சட்டை, வெளிச்சம் முன்பக்கமிருந்து. கேமராவை நொடிக்கு 50 பிரேமில் வையுங்கள், 25 என்றால் விரல்கள் மங்கிவிடும். பிறகு ஈலானில் வலக்கை, இடக்கை, புருவம், வாய், தமிழ்ப் பொருள் என்று தனித்தனி வரி போட்டு, ஒவ்வொரு சைகையும் எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று குறியுங்கள். அந்த ஒரு நிமிடத்துக்கே அரை நாள் போய்விடும். புதியவர்கள் கையை மட்டும் குறித்துவிட்டுப் புருவத்தை விட்டுவிடுவார்கள். அதே கை, புருவம் உயர்ந்தால் கேள்வியாகிவிடும்.

கேள்வி: வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கடைவீதியில் கன்னடம். காது கேளாத என் தம்பி எந்த மொழியின் சைகையைக் கற்பான்? – வாசகர், ஓசூர்

பதில்: மூன்றும் இல்லை. இந்திய சைகை மொழி தனி மொழி. கேள்விச் சொல் அதில் வாக்கியத்தின் கடைசியில் வரும். ‘உன் பெயர் என்ன’ என்பது நமக்குப் பழகிய வரிசைதான். அதற்காக அது தமிழிலிருந்து வந்ததாக நினைத்துவிட வேண்டாம். உலகம் முழுக்க ஒரே சைகை என்பதும் தவறு. அமெரிக்கரும் பிரிட்டிஷ்காரரும் பேசுவது ஒரே இங்கிலீஷ், ஆனால் அவர்களின் சைகை மொழிகள் ஒன்றுக்கொன்று புரியாது.

கேள்வி: குழந்தைக்கு 10 மாதம். பெரா பரிசோதனையில் (ஒலிக்குக் கேட்கும் நரம்பு தரும் மின்அலையை அளப்பது) இரண்டு காதிலும் 90 டெசிபலுக்கு மேல் இழப்பு என்றார்கள். சைகை காட்டினால் பேச்சே வராது என்கிறார் மாமியார். காட்டலாமா? – ஒரு தாய், அரூர்

பதில்: காட்டலாம் அம்மா. பிறந்ததிலிருந்து சைகை பார்த்து வளர்ந்து, பிறகு காக்ளியர் இம்பிளான்ட் (ஒலியை மின்துடிப்பாக்கிக் கேட்கும் நரம்புக்கு அனுப்ப, அறுவை சிகிச்சையில் வைக்கும் கருவி) பொருத்திக்கொண்ட குழந்தைகளை ஆராய்ந்து 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. அவர்களின் இங்கிலீஷ், காது கேட்கும் பிள்ளைகளுக்கு ஈடாகவே இருந்தது. குழந்தைகளின் எண்ணிக்கை குறைவு, அவர்களின் பெற்றோரும் சைகை மொழிக்காரர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிர்ப்பக்கம் பேசும் ஆய்வுகளும் உண்டு. அந்தச் சண்டை ஓயவில்லை. சண்டையில்லாத விஷயம் ஒன்று உண்டு. குழந்தைப் பருவத்தில் எந்த மொழியும் முழுதாகக் கிடைக்காமல் போனவர்கள், பின்னாளில் எத்தனை வருடம் சைகை பழகினாலும் இலக்கணத்தில் தடுமாறுகிறார்கள். மொழி ஆய்வாளர் ரேச்சல் மேபெரி பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியது இதைத்தான்.

காதுப் பாதைக்கும் கெடு உண்டு. இம்பிளான்ட் மூன்றரை வயதுக்குள் என்றால் மூளையின் கேட்கும் பகுதி நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. ஏழுக்கு மேல் மிகவும் கடினம். ஆகவே இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டில் இந்த அறுவை சிகிச்சைக்கு இடம் உண்டு. வயது வரம்பையும் தேவையான சான்றுகளையும் கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். முதலில் காதுமெஷின் போட்டுப் பார்ப்பார்கள். மெஷின் கீச்சென்று கத்தினால் பழுது என்று கழற்றி வைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் காது வளர்ந்து மோல்டு (மெஷினைக் காதுக்குள் பொருத்தும் அச்சு) தளர்ந்திருக்கும். கைக்குழந்தைக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை புது மோல்டு எடுக்க வேண்டும்.

வீட்டுச் சைகைக்கும் சைகை மொழிக்கும் உள்ள தூரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். களி கிண்டுவதுபோல் கையைச் சுழற்றினால் ‘சாப்பாடு’ என்று குழந்தைக்குப் புரியும். ‘நேற்று மிச்சமான களியை ஏன் மாட்டுக்கு வைத்தாய்?’ என்று அதை வைத்துக் கேட்க முடியாது. அதற்கு மொழி வேண்டும், நீங்களும் கற்க வேண்டும். காட்டும்போது ஒரு பொருளைச் சுட்டிக்கொண்டே சைகை செய்யாதீர்கள். குழந்தையின் கண் ஓரிடத்தில்தான் இருக்கும். தோளைத் தொட்டு, கண் உங்களிடம் வந்த பிறகு சைகை. அது பொருளைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் மறுபடி அதே சைகை.

கேள்வி: என் வகுப்பில் காது கேளாத மாணவன் ஒருவன் வராந்தாவில் யார் போனாலும் திரும்புகிறான். கவனக்குறைவா? – ஆசிரியர், காவேரிப்பட்டணம்

பதில்: இல்லை. பார்வையின் ஓரத்தில் நடக்கும் அசைவைக் காது கேளாதவர்கள் கூர்மையாகப் பிடிப்பதை மூளை ஆய்வாளர் ஹெலன் நெவில் 1980-களிலேயே அளந்து காட்டினார். மூளையில் ஒலிக்கு ஒதுக்கிய பகுதியும் சும்மா கிடப்பதில்லை. பார்வை வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அவனைச் சுவரோரம், வாசல் அவன் முதுகுப்பக்கம் வருமாறு உட்கார வையுங்கள். நீங்கள் சன்னலுக்கு முன்னால் நிற்காதீர்கள், முகம் இருட்டாகிவிடும். போர்டில் எழுதும்போது பேசாமல், எழுதி முடித்துத் திரும்பிய பிறகு சொல்லுங்கள்.

கேள்வி: சைகை மொழி பேசுபவருக்குப் பக்கவாதம் வந்தால் மொழி போகுமா? கையும் இடமும் சம்பந்தப்பட்டது என்பதால் வலது மூளைதானே அதைக் கவனிக்கும்? – செவிலியர், கிருஷ்ணகிரி

பதில்: வலது மூளை என்றுதான் பலர் நினைத்தார்கள். கலிபோர்னியா சால்க் நிறுவனத்தின் உர்சுலா பெலுகியும் குழுவினரும் பக்கவாதம் வந்த சைகை மொழிக்காரர்களைச் சோதித்து, 1987-இல் அதை நூலாக வெளியிட்டார்கள். வலது மூளை கெட்டவர், வீடு வரையச் சொன்னால் இடப்பாதியை விட்டுவிடுவார். ஆனால் சைகையில் பேசும்போது இலக்கணத்துக்காகத் தன் இடப்பக்க வெளியைச் சரியாகப் பயன்படுத்துவார். இடது மூளை கெட்டவருக்குச் சைகை சிதைந்துபோகும். அப்படிப்பட்ட நோயாளி ஒருவர், பிறகு வந்த ஓர் ஆய்வில், சைகைச் சொல் வராத இடத்தில் அதையே நடித்துக் காட்டினார். கை நன்றாகத்தான் இருந்தது, கெட்டது மொழிதான். வாயால் பேசுகிறவர்களுக்கு எந்தப் பக்கமோ அதே இடது பக்கம்தான் இவர்களுக்கும்.

உங்கள் வார்டுக்கு: டிரிப்ஸ் ஊசியை அவர் சைகைக்குப் பயன்படுத்தும் கையில் குத்த வேண்டாம். அந்தக் கையைக் கட்டிலோடு கட்டினால் வாயில் பிளாஸ்திரி போட்டது போல. வலக்கை செயலிழந்திருந்தால் இடக்கையால் சைகை செய்யச் சொல்லுங்கள். கையின் வடிவம் மட்டும் தெளிவில்லாமல் குழறினால் அது பெரும்பாலும் கையை இயக்குவதில் உள்ள கோளாறு; சொல்லே மாறி வந்தால், வாக்கியம் உடைந்தால் மொழி பாதித்திருக்கிறது. இதை வீட்டாரைவிட மொழிபெயர்ப்பாளர் நன்றாகப் பிரித்துச் சொல்வார், ஏனென்றால் உறவினர்கள் விட்டுப்போனதைத் தாங்களே நிரப்பிவிடுவார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் காக்ளியர் இம்பிளான்ட் இருக்கிறதா என்று காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள். உள்ளே காந்தம் இருக்கும், வெளிப்பகுதியைக் கழற்றினாலும் அது போகாது. குழாய்க்குள் போன பிறகு அவரால் உங்கள் கையைப் பார்க்க முடியாது. எத்தனை நிமிடம் ஆகும், எதற்கு அசையக் கூடாது, வலித்தால் எந்தப் பந்தை அமுக்க வேண்டும் என்பதையெல்லாம் வெளியே இருக்கும்போதே சைகையில் சொல்லி முடித்துவிடுங்கள்.