பாஸ்டன், பிலடெல்பியா, வாஷிங்டன்: கார் வேண்டாம், கிழமையைப் பாருங்கள்

கேள்வி: டல்லஸில் வசிக்கிறோம். நாங்கள் இருவர், 7, 11 வயதில் இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். அத்தைக்கு வயது 68, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். ஜூலையில் ஒன்பது நாள் விடுமுறையில் அமெரிக்க வரலாற்றோடு சம்பந்தப்பட்ட இந்த மூன்று நகரங்களையும் பார்க்க விரும்புகிறோம். வாடகைக் கார் எடுக்கலாமா? எதையெல்லாம் முன்பதிவு செய்ய வேண்டும்?

பதில்: கார் வேண்டாம். நீங்கள் பார்க்கப் போகும் இடங்கள் எல்லாம் அந்தந்த ஊரின் பழைய மையப் பகுதியிலேயே நெருக்கமாக இருக்கின்றன. பாஸ்டனின் மையத்தில் இருக்கும் ஹோட்டல்களில் கார் நிறுத்த மட்டும் ஓர் இரவுக்கு 50 டாலருக்கு மேல் கேட்பார்கள். ஓர் ஊரில் எடுத்த காரை வேறு ஊரில் விட்டால் அதற்கும் தனிக் கட்டணம். பாஸ்டனுக்கு விமானத்தில் போய், அங்கிருந்து ஆம்ட்ராக் ரயிலில் தெற்கே இறங்கி, வாஷிங்டனிலிருந்து திரும்புங்கள். போக ஓர் ஊர், வர வேறு ஊர் என்று ஒரே டிக்கெட்டாக எடுக்க விமான நிறுவனத் தளங்களில் 'மல்ட்டி சிட்டி' என்ற வசதி இருக்கிறது.

இந்த வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஊர் மக்களைச் சுட்ட 1770-ன் துப்பாக்கிச்சூடும், தேயிலையைக் கடலில் கொட்டிய 1773-ன் தேநீர்க் கலகமும் பாஸ்டனில் நடந்தன. 1776-ன் சுதந்திரப் பிரகடனமும் 1787-ன் அரசியல் சாசனமும் பிலடெல்பியாவில் உருவாயின. 1800-ல் தலைநகரம் வாஷிங்டனுக்குப் போனது. பிள்ளைகளுக்குக் கதை தானாகவே வரிசையாக வந்துவிடும்.

அடுத்தது கிழமை. பலரும் இதைப் பார்க்காமல் டிக்கெட் போட்டுவிட்டு, மூடிய கதவுக்கு முன்னால் போய் நிற்கிறார்கள். பாஸ்டனில் நிற்கும் பழைய போர்க்கப்பலான யுஎஸ்எஸ் கான்ஸ்டிட்யூஷனுக்குத் திங்கள் விடுமுறை. பிலடெல்பியாவின் ரீடிங் டெர்மினல் சந்தையில் பென்சில்வேனியா டச்சுக்காரர்களின் (பெயர் அப்படி, ஆனால் ஜெர்மன் வம்சாவளியினர்) கடைகள் ஞாயிறு திறப்பதில்லை. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டலில் ஞாயிறன்று சுற்றிக் காட்டுவதில்லை. அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்புங்கள். செவ்வாய், புதன், வியாழன் இரவுகள் பாஸ்டனில். வெள்ளி, சனி பிலடெல்பியாவில். ஞாயிறு, திங்கள், செவ்வாய் வாஷிங்டனில். புதன் மாலை விமானம். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 வரும் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஹோட்டல் பதிவு செய்வதற்கு முன்பே இரண்டு சீட்டுகளை உறுதி செய்ய வேண்டும், இரண்டும் அமெரிக்க அரசின் முன்பதிவுத் தளமான ரெக்ரியேஷன்.கவ்-வில் (recreation.gov) கிடைக்கும். பிலடெல்பியாவில் பிரகடனமும் சாசனமும் உருவான இண்டிபெண்டன்ஸ் ஹால் நுழைவு இலவசம்தான், ஆனால் நேரம் குறித்த சீட்டு வேண்டும். பதிவுக் கட்டணம் தலைக்கு 1 டாலர். சனிக்கிழமை காலை நேரத்தை முதலில் பிடியுங்கள். வாஷிங்டன் மானுமெண்ட் என்ற உயரமான கல்தூணில் மேலே ஏறுவதற்கான சீட்டு 30 நாள் முன்னதாக, கிழக்கு நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். உங்களுக்கு அது காலை 9 மணி. கோடையில் சீக்கிரமே தீர்ந்துவிடும், தளத்தில் உங்கள் கணக்கை முந்தைய நாளே தொடங்கி வைத்துக்கொண்டு தயாராக உட்காருங்கள். வெள்ளை மாளிகைக்கு உள்ளே போகும் எண்ணத்தைத் திட்டத்தில் சேர்க்கவே வேண்டாம். அமெரிக்கக் குடிமக்கள் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், வெளிநாட்டவருக்கு அது இன்னும் கடினம். லாஃபயெட் சதுக்கத்தில் நின்று வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

பாஸ்டனில் ஃப்ரீடம் டிரெய்ல் என்பது நடைபாதையில் பதித்த சிவப்புக் கோடு. இரண்டரை மைல், 16 இடங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் அத்தைக்கு மறுநாள் கால் தரையில் ஊன்றாது. முதல் நாள் பாஸ்டன் காமன் பூங்காவில் தொடங்கி, கிரேனரி இடுகாட்டில் சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஹான்காக், பால் ரிவியர் கல்லறைகளைப் பார்த்து, ஓல்ட் ஸ்டேட் ஹவுஸ் முன்னால் நில்லுங்கள். தரையில் வட்டமாகப் பதித்த கற்கள் 1770 துப்பாக்கிச்சூட்டின் நினைவுக் குறி. மேலே தெரியும் பால்கனியில்தான் 1776 ஜூலை 18 அன்று சுதந்திரப் பிரகடனத்தை ஊருக்கு வாசித்தார்கள். குவின்சி மார்க்கெட்டில் சாப்பாடு, கழிப்பறை, உட்கார இடம் மூன்றும் உண்டு. அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு ஹோட்டலுக்குத் திரும்புங்கள்.

மறுநாள் காலை நார்த் எண்ட் பகுதியில் பால் ரிவியர் வீடும் ஓல்ட் நார்த் தேவாலயமும். பிறகு லாங் வார்ஃப் துறையிலிருந்து படகில் சார்ல்ஸ்டவுன் போனால் பாலத்தில் நடக்கும் தூரம் மிச்சம், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். 1797-ல் நீரில் இறக்கிய கான்ஸ்டிட்யூஷன் கப்பலில் பெரியவர்களிடம் புகைப்பட அடையாள அட்டை கேட்பார்கள். அத்தையின் பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். கீழ்த்தளத்துக்கு இறங்கும் ஏணிகள் செங்குத்தானவை, அவர் மேல்தளத்தோடு நிற்கட்டும். பங்கர் ஹில் தூணில் 294 படிகள், லிஃப்ட் கிடையாது. அது உங்களுக்கும் பெரியவனுக்கும் மட்டும்.

வெள்ளிக்கிழமை சவுத் ஸ்டேஷனிலிருந்து பிலடெல்பியாவுக்கு ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். 2 முதல் 12 வயது வரை பாதிக் கட்டணம், உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் அது பொருந்தும். தேதி நெருங்க நெருங்க கட்டணம் ஏறும். சாதாரண நார்த்ஈஸ்ட் ரீஜனல் வண்டியின் கோச் வகுப்பில் இருக்கை எண் பொதுவாகக் கிடையாது, முதலில் ஏறுபவர் உட்கார வேண்டியதுதான். பாஸ்டனில் வண்டி புறப்படுவதால் ஐந்து பேரும் சேர்ந்து உட்கார முடியும். இடது பக்கம் பிடித்தால் கனெக்டிகட்டில் கடற்கரை தெரியும். சிக்கல் ஞாயிறன்று பிலடெல்பியாவில்தான் வரும், வண்டி நியூயார்க்கிலேயே நிரம்பி வந்திருக்கும். ஆம்ட்ராக்கின் 'ரெட் கேப்' போர்ட்டர்களிடம் முன்கூட்டியே சொன்னால் முதியவரையும் பெட்டிகளையும் கூட்டத்துக்கு முன்னால் ஏற்றிவிடுவார்கள். இதற்குக் கட்டணம் இல்லை, டிப்ஸ் கொடுப்பது வழக்கம்.

இண்டிபெண்டன்ஸ் ஹாலில் பாதுகாப்புச் சோதனை உண்டு, குறித்த நேரத்துக்கு அரைமணி முன்னதாகப் போங்கள். தவறினால் சீட்டு வீண். மாடிக்குப் படி மட்டுமே, ஆனால் பார்க்க வேண்டிய அறை தரைத்தளத்தில்தான் இருக்கிறது. அங்கே ஜார்ஜ் வாஷிங்டன் உட்கார்ந்த நாற்காலியின் முதுகில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கும். அது உதயமா அஸ்தமனமா என்று பலமுறை யோசித்ததாகவும், சாசனம் கையெழுத்தானபோது உதயம்தான் என்று தெளிந்ததாகவும் பெஞ்சமின் பிராங்க்ளின் சொன்னார். உள்ளே போகுமுன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள், அறையில் நிற்க நேரம் குறைவு. எதிரே லிபர்ட்டி பெல் மணிக்குச் சீட்டு தேவையில்லை, காலையில் முதல் ஆளாகப் போனால் வரிசை குறைவு. தேசியப் பூங்காத் துறையின் இடங்களில் 'ஜூனியர் ரேஞ்சர்' கையேடு இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். கேள்விகளை நிரப்பிக் கொடுத்தால் பேட்ஜ் கிடைக்கும், ஏழு வயதுக்கு அது போதும்.

வாஷிங்டனில் கேப்பிட்டலிலிருந்து லிங்கன் நினைவகம் வரை சுமார் மூன்றரை கிலோமீட்டர், நிழல் குறைவு. ஜூலை மதியத்தில் அதை நடக்கவே கூடாது. காலை 10 மணிக்கு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் திறக்கும், நுழைவு இலவசம், சக்கர நாற்காலி இரவல் தருவார்கள். வெயில் நேரத்தை அங்கே கழித்துவிட்டு, லிங்கன் நினைவகத்துக்குச் சாயங்காலம் போங்கள். சிலையிலிருந்து 18 படி கீழே, 1963-ல் மார்ட்டின் லூதர் கிங் நின்று பேசிய இடத்தில் எழுத்துப் பொறித்திருக்கும். பெரும்பாலானோர் அதை மிதித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் பிரகடனத்தின் மூலப் பிரதி இருக்கிறது. மை வெளுத்துவிட்டது, புகைப்படம் எடுக்கக் கூடாது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, ரெஸ்டாரண்டில் 'வெஜிடேரியன்' என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். சூப்பில் கோழிச் சாறு உண்டா, பீன்ஸில் பன்றிக் கொழுப்பு உண்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ரயிலில் தயிர்சாதம், புளியோதரை தாராளமாகக் கொண்டு போகலாம். கேப்பிட்டல் சுற்றுலாவைத் திங்கட்கிழமைக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள், அதுவும் இலவசம். ஆனால் அங்கே உணவும் தண்ணீரும் உள்ளே விட மாட்டார்கள். காலி பாட்டில் மட்டும் எடுத்துப் போங்கள், டிபன் டப்பாவை ஹோட்டலிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.