நேசமணி பஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதக் குறிப்பு ஒன்றில் ‘குலசேகரத்தில் நேசமணி பிடித்து ஊருக்கு வந்தேன்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் அப்படியே நின்றுவிட்டேன். என் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல். பெங்களூருக்கு வந்து பதினேழு வருடமாகிறது. என் அம்மா இன்றும் அரசு பஸ்ஸை நேசமணி என்றுதான் சொல்வாள். போன விடுமுறையில் என் மகள், ‘பஸ்ஸில் அப்படி எழுதியே இல்லையே, நேசமணி யாருப்பா?’ என்று கேட்டாள். எனக்கு முழுதாகச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. மதுரை, திருநெல்வேலிப் பக்கமெல்லாம் தனியார் பஸ் நிறைய ஓடுகிறது. நம் மாவட்டத்தில் மட்டும் எங்கு திரும்பினாலும் அரசு பஸ். தனியாருக்கு விட்டால்தான் உருப்படும் என்கிறார் என் மைத்துனர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
கருங்கல் வாசகர், பெங்களூர்

அன்புள்ள நண்பருக்கு,

மகளின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நேசமணி ஒரு வக்கீல். 1895-ல் பள்ளியாடியில் பிறந்தவர், உங்கள் கருங்கலுக்குப் பக்கம்தான். அந்தக் காலத்தில் நாகர்கோவில் கோர்ட்டில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. தண்ணீர்ப் பானையும் தனித்தனி. அவர் முக்காலியை எட்டி உதைத்தார், தனிப்பானையை உடைத்தார் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தேன். நம் பகுதி அப்போது திருவிதாங்கூரோடு இருந்தது. பிறகு அவர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் தலைவராக, தமிழ் பேசும் தென்பகுதித் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று போராடினார். 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாக இந்தப் பக்கம் வந்தன. ஜனங்கள் அவரை மார்ஷல் என்றுதான் அழைத்தார்கள். 1968-ல் காலமானார்.

பஸ்ஸின் கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. மைத்துனருக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

1938 பிப்ரவரி 20 அன்று திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் மகாராஜா அரசுப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். அதை நடத்துவதற்கு லண்டன் போக்குவரத்து நிர்வாகத்திலிருந்து சால்டர் என்ற ஆங்கிலேயரை வரவழைத்திருந்தார்கள். 60 பஸ் சேஸிகளும் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. பாடியை மட்டும் சால்டர் கூடவே நின்று உள்ளூர்க் கைவினைஞர்களை வைத்துக் கட்டினார். முதல் வண்டியில் மகாராஜா உட்கார்ந்தார், ஓட்டியவர் சால்டர். கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம், சக்கரம் என்பது திருவிதாங்கூர் நாணயம். கண்டக்டர், இன்ஸ்பெக்டர் வேலைக்குப் பட்டதாரிகளை எடுத்தார்கள். அரசு கையில் எடுத்த முதல் தடங்களில் ஒன்று, திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு வரும் நம் சாலை. எல்லாச் சாதியாருக்கும் கோயிலைத் திறந்துவிட்ட அதே மகாராஜாவின் அறிவிப்பு வந்தது 1936 நவம்பரில். அதிலிருந்து பதினைந்து மாதத்தில் இந்த பஸ். இந்த இரண்டு தேதிகளையும் நான் எப்போதும் சேர்த்தேதான் நினைத்துக்கொள்வேன்.

1956-ல் மாவட்டம் வந்தபோது வண்டிகளும் கூடவே வந்தன. அன்றைக்குச் சென்னை நகரத்தை விட்டால் மாநிலத்தின் மற்ற ஊர்களில் பஸ் என்றால் தனியார் முதலாளிகளுடையதுதான். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 1972-ல்தான் தொடங்கின. மற்ற மாவட்டங்கள் அதற்குப் பிறகு பார்த்ததை நாம் 1938-லேயே பார்த்துவிட்டோம். அதனால்தான் மினி பஸ்ஸை விட்டால் இங்கே தனியார் வண்டி அபூர்வம். கேரள அரசின் கழகம் 1965-ல் உருவானது, அதற்கும் மூலம் அதே 1938 வண்டிகள்தான். எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் கேரள பஸ்ஸும் நம் பஸ்ஸும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்தால், பாகம் பிரிந்து போன அண்ணன் தம்பி ஞாபகம்தான் எனக்கு வரும்.

ரயிலையும் கணக்கில் எடுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979-ல், திருநெல்வேலி–நாகர்கோவில் பாதை 1981-ல். அதுவரை நம் ஆட்களுக்கு ஆஸ்பத்திரி, காலேஜ், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் பஸ்தான்.

1974-ல் திருநெல்வேலியில் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் வந்தது, நம் வண்டிகளும் அதில் இருந்தன. 1983-ல் நாகர்கோவிலைத் தலைமையிடமாக வைத்து நேசமணி போக்குவரத்துக் கழகம் பிரிந்தது. உங்கள் அம்மா வாயிலிருந்து வரும் பெயர் அதுதான்.

அப்போது நாங்கள் பேச்சிப்பாறைப் பக்கம் குடியிருந்தோம். கடைசி வண்டி இரவு ஒன்பதரைக்கு மேல் வந்து எங்கள் வீட்டுக்கு எதிரே நிற்கும். ஸ்டே பஸ். டிரைவரும் கண்டக்டரும் எங்கள் கிணற்றில் குளித்துவிட்டு, வண்டியிலேயே சீட்டில் துண்டை விரித்துப் படுப்பார்கள். கண்டக்டர் அண்ணாச்சி தூங்குவதற்கு முன்னால் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார். தோல்பையைத் தலைகீழாகக் கொட்டி, சில்லறையை அடுக்கி, வே பில்லை மடியில் விரிப்பார். கட்டணம் மாறும் ஒவ்வொரு ஸ்டேஜ் வரும்போதும், ஒவ்வொரு கட்டு டிக்கெட்டிலும் அடுத்து கிழிக்க வேண்டிய நம்பர் என்ன என்று அதில் எழுதியிருக்கும். நடுவில் செக்கிங் ஏறினால் அந்த நம்பரையும் பயணிகள் கையிலிருக்கும் டிக்கெட்டையும் ஒப்பிட்டால் போதும், எந்த ஸ்டேஜில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று தெரிந்துவிடும். பதிமூன்று வயதில் அந்தத் தாளை வாசிக்கக் கற்றுக்கொண்டேன். ஒருநாள் அவரிடம் கேட்டேன், ‘இந்த டிரிப்புல எவ்வளவு லாபம் அண்ணாச்சி?’

‘லாபமா? டீசலுக்கே காணாது மக்கா. மெயின் ரோட்டு வண்டி உண்டாக்குத பைசாவுலதான் இந்த வண்டி மலை ஏறுது.’

உங்கள் மைத்துனரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. நாகர்கோவில்–மார்த்தாண்டம் சாலையில் யார் வண்டி விட்டாலும் கலெக்‌ஷன் வரும். தனியார் கேட்பதும் அந்தச் சாலையைத்தான், காலை ஐந்து மணிக்கு ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்கள் பத்துப் பேரை ஏற்றுவதற்கு யாரும் பெர்மிட் கேட்டு வரமாட்டார்கள். நிறைகிற தடமும் நிறையாத தடமும் ஒரே கல்லாவில் இருப்பதால்தான் நிறையாத தடத்தில் வண்டி ஓடுகிறது. நிறைகிறதைக் கொடுத்துவிட்டால், மலைக்குப் போகும் டிரிப் முதலில் இரண்டு நாளைக்கு ஒருமுறை என்று ஆகும், அப்புறம் நின்றுவிடும்.

நம் ஊரின் அமைப்பையும் பாருங்கள். கல்குளம், விளவங்கோடு பக்கம் வீடுகள் தெருவாக ஒட்டி நிற்பதில்லை. தோட்டத்துக்கு ஒரு வீடு, ஒரு கிராமம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. அதனால் கூப்பிடு தூரத்துக்கு ஒரு ஸ்டாப். வேகமாக ஓட்டிக் காசு பார்க்க நினைக்கிறவனுக்கு இந்தச் சாலை சரிப்படாது. மாவட்டமும் சிறியது, டவுன் பஸ்ஸே பெரும்பாலான ஊர்களைத் தொட்டுவிடுகிறது. 2021 மே 8 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது நம் பெண்களுக்கு அதனால்தான் இவ்வளவு தூரம் பிரயோஜனப்பட்டது. கடற்கரையில் மீன் எடுத்து உள்ளூர்ச் சந்தைக்குக் கொண்டுபோகும் ஒரு அம்மாவிடம் கேட்டேன். முன்பு பஸ்ஸுக்குக் கொடுத்த காசில் இப்போது பேரனுக்குத் தினமும் பால் வாங்குவதாகச் சொன்னார்.

குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. பழைய வண்டிகளை மாற்ற வேண்டும். காலி இடங்களுக்கு ஆள் எடுக்க வேண்டும். ஓய்வு பெற்ற தொழிலாளிக்குச் சேர வேண்டிய பணம் உரிய நாளில் சேர வேண்டும். அவர்தான் எங்கள் திண்ணையில் நள்ளிரவு வரை சில்லறை எண்ணியவர். இதையெல்லாம் அரசிடம் சண்டை போட்டுக் கேட்கலாம், ஏனென்றால் வண்டி நம்முடையது. தனியார் முதலாளியிடம் போய் மலைக்கு ஏன் வண்டி விடவில்லை என்று எந்த உரிமையில் கேட்பீர்கள்?

பெயர் போனது 1997-ல். விருதுநகரில் தொடங்கவிருந்த கழகத்துக்கு தேவேந்திரகுல வேளாளர் சமூகத்து வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததை ஒட்டித் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயர்கள் மொத்தமாக எடுக்கப்பட்டன. உயிர்கள் போய்க்கொண்டிருந்த நேரம், அன்றைக்கு வேறு வழி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் எங்கள் ஊர் வண்டியில் புதுப் பெயின்டுக்கு அடியில் ‘நேசமணி’யின் ‘ணி’ மட்டும் சுழித்துக்கொண்டு கொஞ்ச நாள் தெரிந்தது. ஏறும்போதெல்லாம் அதைத் தொட்டுவிட்டு ஏறுவேன். முக்காலியை உதைத்தவரின் பெயர், யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்கிற வண்டிக்குத்தான் பொருந்தும். மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது அவளை நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கோதையாறு வண்டியில் கூட்டிப்போங்கள். காரை வீட்டில் விடுங்கள். குலசேகரம் வரை கூட்டம் இருக்கும், அப்புறம் ஜன்னல் சீட் கிடைக்கும். திரும்பி வரும் வண்டி எத்தனை மணிக்கு என்று இறங்கும் முன்னால் கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே டிரிப் குறைவு.

அன்புடன்