ஏஜென்ட் கேட்கும் 'வரி'யை அனுப்பலாமா?

கேள்வி: ஓசூரில் ஒரு ஆலையில் வேலை பார்க்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு ஏஜென்ட் கொடுத்த ஐடியில் (பந்தயத் தளத்தில் நுழைவதற்கான கணக்கு) ஐபிஎல் பந்தயம் கட்டி 62,000 ரூபாய் ஜெயித்தேன். பணத்தை எடுக்க 30 சதவீத வரியை முதலில் அனுப்பச் சொல்கிறார். வெளிநாட்டு லைசென்ஸ் இருக்கிறதாம், பெங்களூரு போய் ஆடினால் தப்பில்லையாம். அனுப்பலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். 30 சதவீத வரி என்பது உண்மைதான். அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். அந்த வரியைப் பணம் கொடுப்பவரே ஜெயித்த தொகையில் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். முன்கூட்டி யாரோ ஒருவருடைய யுபிஐ எண்ணுக்கு அனுப்பும் வருமான வரி இந்த நாட்டில் கிடையாது. 18,600 அனுப்பினால், அடுத்து 'கணக்கைத் திறக்கும் கட்டணம்' கேட்பார்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். சூதாட்டம், மாநிலங்கள் சட்டம் இயற்றும் மாநிலப் பட்டியலில் இருப்பதால் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆடியவருக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்குக் கர்நாடகம் 2021இல் கொண்டுவந்த தடையை 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஏஜென்ட்கள் பிடித்துத் தொங்குவது இதைத்தான். அந்தத் தீர்ப்பு காப்பாற்றியது திறமை விளையாட்டுகளை, கிரிக்கெட் பந்தயத்தை அல்ல. அதற்கு மேல், 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதையும் விடவில்லை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். வெளிநாட்டு லைசென்ஸ் இங்கே செல்லாது.

'குதிரைக்கு மட்டும் அனுமதி உண்டாமே' என்று அடுத்து கேட்பீர்கள். 1996இல் சென்னை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைத் திறமை விளையாட்டு என்றது. ஆனால் அது கிளப் நடத்தும் பந்தயத்தில், மைதான வளாகத்துக்குள், முறைப்படி கட்டும் பணத்துக்கு. அதே குதிரை மேல் ஐடியில் கட்டினால் சூதாட்டம்தான். ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவும் குதிரைக்கு விலக்கு தருகிறது; அதுவும் ஜெயிக்கும் குதிரைக்கான, 500 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள பரிசுக்குத்தான், பந்தயம் கட்டியவருக்கு அல்ல. மற்றபடி, பந்தயத்தில் ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்கிறது அந்தப் பிரிவு.

ஒருவேளை பணம் வந்தாலும் ஆபத்துதான். அது பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்கிலிருந்து வரும். அந்தக் கணக்கில் யாரிடமோ திருடிய பணம் இருந்து, அவர் புகார் கொடுத்தால், உங்கள் சம்பளக் கணக்கும் முடங்கும். வங்கியைக் கேட்டால் போலீஸைக் கேள் என்பார்கள். புகார் பதிவான வேறு மாநிலக் காவல் நிலையத்தில் போனை எடுக்க ஆள் இருக்காது. வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்ட முடியாமல் மாதக்கணக்கில் அலையும் இளைஞர்களைப் பார்க்கிறேன். ஐடி விற்றவனோ அடுத்த வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கியிருப்பான். இது என்ன நிர்வாகம்?

வரிக்குப் பதில் உங்கள் வங்கிக் கணக்கைக் கொடுங்கள் என்றும் அந்த ஏஜென்ட் கேட்பார். கொடுத்தால் நீங்களே குற்றவாளி. உரையாடலையும் யுபிஐ எண்ணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் எண் 1930. நீங்கள் ஆடியதும் அதில் பதிவாகும் என்பதால், முதலில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் கட்டிய பணம் அந்தக் கணக்கைவிட்டு வெளியேறுவதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்த வழியுண்டு.