ஒரு போன் போட்டிருந்தால்?

கேள்வி: ‘எமர்ஜென்சி’ என்ற அமெரிக்கப் படத்தை டார்க் காமெடி என்றார்களே என்று பார்த்தேன். மயங்கிக் கிடக்கும் ஒரு பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு மூன்று கல்லூரி மாணவர்கள் ராத்திரி முழுக்க அலைகிறார்கள். 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்குமே? லாஜிக் வேண்டாமா?
– ஒரு வாசகர்

பதில்: முடிந்திருக்கும், சரிதான். ஆனால் எது முடிந்திருக்கும் என்பதில்தான் அந்த மாணவர்களில் ஷானுக்கும் குன்லேவுக்கும் தகராறு. மொத்தப் படமும் அந்தத் தகராறுதான்.

அவர்கள் வீட்டு ஹாலை இன்னொரு தடவை பாருங்கள். முன்பின் தெரியாத வெள்ளைக்காரப் பெண் தரையில் நினைவில்லாமல் கிடக்கிறாள். கூடத் தங்கியிருக்கும் கார்லோஸ் வீடியோ கேமில் மூழ்கிக் கிடந்ததால் அவள் எப்போது வந்தாள் என்றுகூட அவனுக்குத் தெரியாது. குன்லே டாக்டர் வீட்டுப் பிள்ளை, அடுத்து பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் போகப்போகிறவன். போன் போட்டால் உதவி வரும் என்று நம்பி வளர்ந்தவன். ஷான் தடுக்கிறான். இரண்டு கறுப்பர்கள், ஒரு லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளிக்காரன்), நடுவில் மயங்கிய வெள்ளைக்காரப் பெண் என்றால் வருகிற போலீஸுக்கு என்ன தோன்றும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு பேரும் கறுப்பர்கள்தான், உயிர் நண்பர்கள்தான், ஆனால் ஒருவனுடைய பயம் மற்றவனுக்கு அசட்டுத்தனமாகத் தெரிகிறது. எனக்குப் படத்தில் பிடித்ததே இதுதான்.

ஷான் மிகைப்படுத்துகிறான் என்கிறீர்களா? 2020 மே 25 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பறவை பார்க்க வந்த ஒரு கறுப்பர், நாயைக் கயிற்றில் கட்டுங்கள் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் சொன்னார். அந்தப் பெண் உடனே 911-க்குப் போன் போட்டு, ஒரு ஆப்பிரிக்க அமெரிக்கர் என்னை மிரட்டுகிறார் என்றார். அவர் அதை வீடியோ எடுத்திருந்ததால் ஊருக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம்தான் மினியாபொலிஸில் போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தியதில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர் செத்தார். அதைப் பார்த்துவிட்டு யோசித்த கதையும் இல்லை இது. இயக்குநர் கேரி வில்லியம்ஸ் இதைக் குறும்படமாக எடுத்தது 2018-லேயே, 2022-ல் வந்தது அதன் நீட்சி.

சிரிப்பு எங்கே என்றால், சந்தேகம் வரக்கூடாதே என்று இவர்கள் செய்கிற ஒவ்வொன்றும் இன்னும் சந்தேகமாகத் தெரிவதில் இருக்கிறது. வண்டியை ஓரமாக நிறுத்தினால், வாசலில் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ (கறுப்பர் உயிரும் முக்கியம்) என்று பலகை நட்டிருக்கும் வீட்டுக்காரர்களே இவர்களைப் பார்த்துப் பதறுகிறார்கள். நான் அங்கே வாய்விட்டுச் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கடைசியில் அந்தப் பெண்ணின் உயிரைக் காப்பாற்ற நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும் குன்லே மேல்தான் போலீஸ் துப்பாக்கி திரும்புகிறது, போன் போட ஆசைப்பட்ட அதே குன்லே.

‘டியர் ஒயிட் பீப்பிள்’ (2014) படம் பார்த்தீர்களா? வெள்ளை மாணவர்கள் கறுப்பர் வேஷம் போட்டு முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு பார்ட்டி நடத்துவார்கள், இதெல்லாம் ஓவர் என்று நாம் முனகிக்கொண்டிருக்கும்போதே, நிஜக் கல்லூரிகளில் நடந்த அதே மாதிரிப் பார்ட்டிகளின் போட்டோக்கள் எண்ட் டைட்டிலில் ஓட ஆரம்பிக்கும்.

லாஜிக்கில் குறை பிடித்தே ஆக வேண்டும் என்றால், மயங்கிய பெண்ணின் போன் இருக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்துத் துரத்தும் அவள் அக்காவின் கிளைக்கதையில் பிடியுங்கள். குறும்படத்தை இழுத்து நீட்டியது அங்கேதான் பச்சையாகத் தெரிகிறது.