காகம் வராத அமாவாசை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் இங்கே பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படிக்கிறாள். அமாவாசையன்று என் மாமியார் காகத்துக்குச் சோறு வைக்கும் வழக்கத்தை இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்திருக்கிறாள். மனிதர்களைப் பற்றிப் படிக்கப் போனவள் ஏன் காக்கையின் பின்னால் போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. காகம் முன்னோரின் அடையாளம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாமே, அதற்கு ஓராண்டு எதற்கு? நம் வீட்டுப் பழக்கத்தைப் பிறர் முன் காட்சிப்பொருளாக்கிவிடுவாளோ என்ற அச்சமும் எனக்கு உண்டு.

சிங்கப்பூர் ஜூரோங்கிலிருந்து ஒரு வாசகி
(பெயர் வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

விலங்கின் வழியாக மனிதரை அறிய முடியுமா என்று உங்கள் மகள் கேட்பது மானுடவியலின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று. 1930களில் தென் சூடானின் நுவர் மக்களிடையே தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சார்ட், எதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் பேச்சு மாட்டில்தான் போய் முடிகிறது என்று எழுதினார். அங்கே இளைஞன் தன் பிரியமான காளையின் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொள்வான். மாட்டைப் புரிந்துகொள்ளாமல் நுவர்களின் உறவுமுறையையோ சண்டையையோ சமாதானத்தையோ புரிந்துகொள்ள முடியாது என்பதை அந்த ஆய்வு காட்டியது.

எனினும் நெடுங்காலம் இத்துறை விலங்கை மனிதனைக் காட்டும் கண்ணாடியாகவே வைத்திருந்தது. பிரெஞ்சு மானுடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1962இல், ஒரு குலம் தன் அடையாளமாகக் கொள்ளும் குலக்குறி விலங்குகள் தேர்ந்தெடுக்கப்படுவது அவை உண்ண உகந்தவை என்பதால் அன்று, சிந்திக்க உகந்தவை என்பதால்தான் என்றார். பாலித்தீவின் சேவற்சண்டையைப் பற்றி கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1972இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், களத்தில் மோதுவன சேவல்களாகத் தோன்றினாலும் உண்மையில் மோதுபவர்கள் மனிதர்களே. காகம் முன்னோரின் அடையாளம் என்று நீங்கள் ஒரே வரியில் சொல்லும் விடை இந்த மரபைச் சேர்ந்தது. அது தவறான விடையன்று, ஆனால் அதில் காகம் இல்லை.

இதை நான் என் தாயாரிடமிருந்துதான் அறிந்துகொண்டேன். ஈசூனில் ஒன்பதாம் மாடியில் எங்கள் வீடு. அமாவாசைதோறும் அம்மா வாழையிலை நறுக்கில் பருப்பும் நெய்யும் பிசைந்த சோறு, வாழைக்காய்ப் பொரியல், ஒரு வடை ஆகியவற்றை வைத்து, தாழ்வாரத்துக் கட்டைச்சுவரில் நின்று 'கா, கா' என்று அழைப்பார். காகம் பக்கவாட்டில் நகர்ந்து வரும், தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் இலையையும் மறு கண்ணால் அம்மாவையும் பார்க்கும், முதலில் வடையைத்தான் கவ்வும். அப்பா இறந்த ஆண்டு, ஓர் அமாவாசையன்று வந்த காகம் இலையைப் பார்த்துவிட்டு எதையும் தொடாமல் பறந்துவிட்டது. அம்மா மூன்று மணிவரை சாப்பிடவில்லை, எங்களையும் சாப்பிட விடவில்லை. எது குறைந்தது என்று யோசித்து யோசித்து, கடைசியில் சின்ன டம்ளரில் காப்பி கலந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். சிறிது நேரத்தில் காகம் வந்து சோற்றை எடுத்தது, காப்பியைத் தொடவில்லை. அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

வெறும் அடையாளம் ஒன்று சோற்றை மறுக்காது. ஒரு வீட்டின் பசி முழுவதும் ஒரு பறவையின் முடிவுக்காகக் காத்திருக்கிறது என்றால், அந்தச் சடங்கில் காகமும் பங்கேற்கிறது என்றே பொருள். இது நமக்குப் புதிய செய்தியுமன்று. விருந்து வரக் கரைந்த காக்கைக்கு ஏழு கலத்தில் நெய்ச்சோறு ஏந்தினாலும் அது சிறிதே என்று குறுந்தொகையில் ஒரு தோழி சொல்கிறாள். அதைப் பாடிய நச்செள்ளையார் காக்கைபாடினியார் என்றே பெயர் பெற்றார். அங்கே காக்கை ஒரு வேலையைச் செய்தது, சோறு அதற்குரிய கைம்மாறு.

கடந்த இருபது ஆண்டுகளில் மானுடவியல் திரும்பியிருப்பது இந்தப் பக்கம்தான். மானுடவியலாளர் ராதிகா கோவிந்தராஜன் இமயமலையின் குமாவுன் மலைக்கிராமங்களில் ஆய்வு செய்து 2018இல் வெளியிட்ட நூல், பலியிடப்போகும் ஆட்டைப் பிள்ளையைப்போல் வளர்க்கும் பெண்களின் அன்பையும் துயரையும் ஒருசேரப் பேசுகிறது. நம் ஊர்க் கோயில்களில் கிடா வெட்டைக் கண்டவர்களுக்கு அது அந்நியமாக இராது. காகத்தின் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். அமெரிக்காவின் சியாட்டிலில் 2006இல் பறவை ஆய்வாளர் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் ஒரு முகமூடியை அணிந்துகொண்டு அமெரிக்கக் காகங்கள் சிலவற்றைப் பிடித்து விடுவித்தனர். அதன்பின் பல ஆண்டுகள் அந்த முகமூடியைக் கண்டபோதெல்லாம் காகங்கள் கத்தி எதிர்ப்புக் காட்டின. நம் வீட்டுக் காகம் வேறு இனமாயினும், அம்மா காகத்தைப் பார்த்ததைப்போலவே காகமும் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று நான் நம்புவதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

உங்கள் மகள் விட்டுவிடக் கூடாத வரலாறு ஒன்றும் இருக்கிறது. இந்தக் காகம் இம்மண்ணின் பறவையன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், காப்பித் தோட்டங்களின் புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. அதே தோட்டங்களுக்குத்தான் நம்மவர்களும் கொண்டுவரப்பட்டார்கள். சிங்கப்பூரில் பெருகிய காகங்களைப் பல ஆண்டுகள் துப்பாக்கியால் சுட்டுக் குறைத்தார்கள். 2020 ஜூன் முதல் வனவிலங்குகளுக்கு உணவிடுவது குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அச்சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எச்சத்தைக் கழுவும் துப்புரவுத் தொழிலாளியும், குஞ்சு பொரிக்கும் காலத்தில் காகம் தலையில் கொத்திய அண்டைவீட்டுப் பிள்ளையும் இந்த உறவுக்கு வெளியே இல்லை. பாட்டியிடம் பேசுவதோடு நில்லாமல் அவர்களிடமும் பேச வேண்டும், காகத்தையும் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஓராண்டு போதுமா என்பதுதான் என் ஐயம்.

உங்கள் அச்சம் நியாயமானது. கீர்ட்ஸின் கட்டுரையைப் பற்றியே, அதில் பாலித்தீவினரின் குரல் கேட்கவில்லை என்ற விமர்சனம் பின்னாளில் எழுந்தது. ஆகவே மகளிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எழுதியதை ஒப்படைப்பதற்குமுன் உங்கள் மாமியாரின் அருகில் உட்கார்ந்து, அதைத் தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டட்டும். 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று அவர் சொல்லுமிடங்களைத் திருத்தட்டும், அல்லது அந்த மறுப்பையும் சேர்த்தே எழுதட்டும்.

என் தாயார் இப்போது கட்டைச்சுவரில் சோறு வைப்பதில்லை. நகர மன்றத்தின் அறிவிப்பைப் பேத்தி படித்துக் காட்டிய நாளிலிருந்து இலையை அப்பாவின் படத்துக்கு முன்னால் வைக்கிறார். அதன்பின் நான்கு அமாவாசைகள் வரை, பன்னிரண்டு மணியளவில் ஒரு காகம் கட்டைச்சுவரில் வந்து அமர்ந்து எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா உள்ளே நின்றபடி, 'இன்றைக்கு இல்லையப்பா, போய் வா' என்பார். ஐந்தாம் மாதம் அது வரவில்லை. அன்று அவர் மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டார்.

அன்புடன்.