பிரசவத்துக்குப் பிறகு தும்மினாலே சிறுநீர் கசிகிறது. பிசியோதெரபிக்குப் போனால் சரியாகுமா, அங்கே என்ன செய்வார்கள்?

எனக்குச் சரியானது. ஏறக்குறைய முழுசாக. நல்ல சளி பிடித்த நாட்களில் மட்டும் இன்னும் கொஞ்சம் உஷாராக இருப்பேன்.

உங்களுக்கு நாலு மாதம் ஆகிறது, உள்ளே கையை வைத்துப் பரிசோதிப்பார்கள் என்று கேள்விப்பட்டுப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பயத்துக்குக் கடைசியில் வருகிறேன். நான் போனது ஐந்தாம் மாதம். அதற்கு முன்னால் இரண்டு மாதம் வீடியோ பார்த்து நானே கெகல் பயிற்சி (இடுப்புக்கு அடியில் உள்ள தசையை இறுக்கித் தளர்த்துவது) செய்துகொண்டிருந்தேன். ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

முதல் நாள் முழுக்கப் பேச்சுதான். எத்தனை தடவை சிறுநீர் கழிக்கிறேன், மலச்சிக்கல் உண்டா, தையல் எத்தனை, ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்களா, கணவருடன் சேரும்போது வலிக்கிறதா என்று ஒன்றுவிடாமல் கேட்டார் பிசியோதெரபிஸ்ட். பிறகு மூன்று நாளைக்கு, குடித்தது எவ்வளவு, போனது எத்தனை முறை, கசிந்தது எப்போது என்று எழுதிவரச் சொன்னார். எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கசிந்துவிடுமோ என்ற பயத்தில் மணிக்கொரு தடவை ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்படி முன்ஜாக்கிரதையாகப் போய்க்கொண்டே இருந்தால் சிறுநீர்ப்பை கொஞ்சம் நிறைந்ததுமே அவசரப்படுத்தப் பழகிவிடுமாம்.

இரண்டாவது சந்திப்பில்தான் பரிசோதனை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மேலே துணி போர்த்தியிருந்தது. கையுறை போட்ட ஒரே ஒரு விரல். "இப்ப இறுக்குங்க" என்றார். இறுக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "நீங்க மேலே தூக்கலம்மா, கீழே தள்ளறீங்க. மூச்சை வேற பிடிச்சு வெச்சிருக்கீங்க" என்றார்.

அப்படியானால் இரண்டு மாதமாக நான் செய்தது? தலைகீழ். வயிற்றை முக்கி, பிட்டத்தை இறுக்கி, பல்லைக்கூடக் கடித்திருக்கிறேன். இறுக வேண்டிய தசை மட்டும் இறுகவில்லை. இந்தத் தப்பைச் செய்கிறவர்கள் நிறையப் பேர் என்று சொல்லித்தான் என்னைத் தேற்றினார்.

முன்பக்கத்து இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்புவரை தூளி கட்டியதுபோல ஒரு தசைப்படலம் இருக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் உட்கார்ந்திருப்பது அதன்மேல்தான். கர்ப்ப காலம் முழுக்கப் பாரம் தாங்கி, பிரசவத்தில் இழுபட்டு, அந்தத் தூளி தொய்ந்துபோயிருக்கிறது. (சிசேரியன் ஆனவர்களும் இதிலிருந்து முழுசாகத் தப்புவதில்லை, மாதக்கணக்கில் சுமந்த பாரம் எல்லோருக்கும் ஒன்றுதானே.) அவர் எனக்குச் சொல்லித்தந்த வழி இது: நாலு பேர் நடுவில் காற்றுப் பிரியப் பார்க்கிறது, அடக்குகிறீர்கள். அந்த இறுக்கம்தான். அங்கே தொடங்கி முன்பக்கமாக, சிறுநீரை அடக்குவதுபோல மேலே இழுக்க வேண்டும். கைக்கண்ணாடியில் பார்த்தால் மலவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் உள்ள இடம் உள்ளே போவது தெரியும். வெளியே புடைத்தால் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். சிறுநீர் கழிக்கும்போதே பாதியில் நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம், பை முழுசாகக் காலியாகாமல் போகலாம்.

இந்தப் பயிற்சியை 1948-ல் எழுதிப் பிரபலமாக்கியவர் அர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர். அவரே வெறும் வாயால் சொல்லி அனுப்பிவிடவில்லை. தசை எவ்வளவு அழுத்துகிறது என்று அந்தப் பெண்ணே பார்த்துக்கொள்ள ஒரு கருவியையும் செய்துவைத்திருந்தார். நாம் கருவியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கணக்கு என்றால், எட்டு முறை இறுக்கம், நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். ஒவ்வொன்றையும் எட்டுப் பத்து நொடி பிடிக்க வேண்டும். எனக்கு நாலாவது நொடியில் நழுவிவிடும், அதனால் மூன்றில் தொடங்கினோம். பிடித்த அளவு நேரம் தளர்த்தவும் வேண்டும். நான் அவசரத்தில் அதைத்தான் விட்டுவிடுவேன். நடுவில் சில முறை படபடவென்று இறுக்கி விடுவது தனி.

ஆனால் முதலில் பலன் தெரிந்தது இந்தக் கணக்கில் இல்லை. தும்மல் வரப்போகிறது என்று மூக்கு சொல்லுமே, அந்த ஒரு நொடியில் இறுக்கிவிட்டு அப்புறம் தும்முவது. குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்கும்போதும் அதேதான்: குனிந்து, குழந்தையை நெஞ்சோடு அணைத்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இறுக்கி எழுந்திருப்பது. அதுவரை ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூக்கியிருக்கிறேன். பத்தே நாளில் பேடு மாற்றுவது பாதியாகக் குறைந்தது. தசை வலுவாக அத்தனை சீக்கிரம் வழியில்லை, நேரம் பார்த்து இறுக்கக் கற்றுக்கொண்டதன் பலன் அது.

ஒரு எச்சரிக்கை. என் தங்கைக்கும் பிரசவத்துக்குப் பின் தொந்தரவு, நான் பெரிய மனுஷி மாதிரி கெகல் செய் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு வலி கூடிவிட்டது. பரிசோதித்தால் அவள் தசை தொய்யவே இல்லை, எப்போதும் இறுகியே கிடக்கிறது. அவளுக்குக் கொடுத்தது வயிறு உப்பி இறங்கும் ஆழ்ந்த மூச்சு, மூச்சு உள்ளே போகும்போது கீழே தளர்த்துவது, நன்றாக ஆறிய தையல் தழும்பைக் கட்டைவிரலால் மெல்ல நீவிவிடுவது. இறுக்கும் பயிற்சி கூடவே கூடாது என்றார்கள். சேரும்போது வலி, சிறுநீர் தொடங்கவே நேரமாவது இவையெல்லாம் இருந்தால் நீங்களாக எதையும் தொடங்காதீர்கள்.

மலச்சிக்கலை விட்டுவைக்காதீர்கள். தினமும் முக்கினால் பயிற்சியெல்லாம் வீண். கமோடில் உட்காரும்போது காலுக்குக் கீழே சின்ன ஸ்டூல் போட்டு முழங்காலை உயர்த்தினால் எளிதாகப் போகும். ஓட்டம், குதிப்பு எல்லாம் மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம். உங்களுக்கு இன்னும் கசிவதால் தெரபிஸ்டைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மலமும் கசிகிறது, ஏதோ கீழே இறங்கி வருவதுபோல் கனமாக இருக்கிறது, சிறுநீர் எரிகிறது அல்லது வரவே மாட்டேன் என்கிறது என்றால் முதலில் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள்.

சரி, அந்தப் பயம். உள்பரிசோதனை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு; பாதியில் போதும் என்றாலும் நிறுத்திவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தோ, வயிற்றின்மேல் ஸ்கேன் கருவியை வைத்தோகூடத் தசை மேலே தூக்குகிறதா என்று பார்க்க முடியும். நானும் முதல் நாள் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "சரிம்மா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று, அந்த மூன்று நாள் கணக்கை எழுதிவரத் தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.